நூறு ஐடியம் படித்தால் இங்கிலீஷ் வந்துவிடுமா?

"நூறு ஐடியம் மனப்பாடம் பண்ணினா போதும் சார், இங்கிலீஷ் தானா வந்துரும்." செங்கோட்டை பஸ்ஸில் இதைக் கேட்கிறேன், தென்காசி டீக்கடையில் கேட்கிறேன், இப்போது புளியறையில் வீட்டுக்கு வீடு கேட்கிறேன். பிள்ளைகளின் போனில் பட்டியல் பட்டியலாக வந்து விழுகிறது. பெற்றவர்கள் அதை நம்பிக் காசு கட்டுகிறார்கள். இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இது பொய். பேச வரும் பிள்ளையின் வாயைக் கட்டிப்போடுகிற பொய்.

ஜூன் மாதம். வெளியே சாரல். வகுப்பில் ஒரு மாணவியிடம், மழை எப்படி இருக்கிறது என்று இங்கிலீஷில் கேட்டேன். "இட் இஸ் ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்" என்றாள் மூச்சுவிடாமல். சன்னலுக்கு வெளியே இளவெயிலும் அடித்துக்கொண்டிருந்தது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்வந்துவிடலாம், அப்படியொரு பூந்தூறல். அந்தத் தொடரோ பேய்மழைக்கு உரியது. சரி, "குற்றாலம் ஐந்தருவியில் தண்ணீர் அதிகம், இன்று குளிக்க விடவில்லை" என்று வெளியூர்க்காரர் ஒருவருக்குச் சொல் என்றேன். வாயே திறக்கவில்லை. "டூ மச் வாட்டர் டுடே. பாத்திங் இஸ் நாட் அலவுட்." அவளுக்கு வேண்டியது இவ்வளவுதான். அது பட்டியலில் இல்லை.

வெள்ளைக்காரன் எப்போதும் ஐடியத்தில்தான் பேசுகிறான் என்கிறார்கள். யார் சொன்னது? 'கலிவரின் பயணங்கள்' எழுதிய ஜோனதன் ஸ்விஃப்ட் 1738ல் ஒரு உரையாடல் நூல் வெளியிட்டார். விருந்துகளில் மேட்டுக்குடியார் திருப்பித் திருப்பிச் சொல்லும் தேய்ந்த பேச்சுகளைத் திரட்டி, அவர்களைக் கேலி செய்வதற்கென்றே எழுதியது. நம் பிள்ளைகள் உருப்போடும் பூனை நாய் மழை அந்த நூலில் இருக்கிறது. ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுக்கு முன்பே சலித்துப்போன பேச்சை, புதுச்சரக்கு என்று இங்கே விற்கிறார்கள்.

எண்ணிப் பார்த்தவர்களும் உண்டு. ரோசமண்ட் மூன் என்ற ஆய்வாளர் 1 கோடியே 80 லட்சம் சொற்கள் கொண்ட ஆங்கிலத் தொகுப்பு ஒன்றைச் சலித்து, 1998ல் நூலாக வெளியிட்டார். அவர் தேடிய ஆயிரக்கணக்கான தொடர்களில் பத்துக்கு ஏழு, பத்து லட்சம் சொல்லுக்கு ஒருமுறைகூட வரவில்லை. எல்லாப் பட்டியலிலும் இடம்பிடிக்கும் 'கிக் த பக்கெட்' அந்தத் தொகுப்பில் ஒரு இடத்தில்கூட இல்லை. அதைத்தான் ஒரு பையன் தாத்தா இறந்ததற்கு எழுதிய விடுப்புக் கடிதத்தில் போட்டிருந்தான். சாவைக் கொச்சையாகச் சொல்லும் தொடர் அது என்று பட்டியல் அவனுக்குச் சொல்லவில்லை. எங்கே சொல்லலாம், யாரிடம் சொல்லக்கூடாது என்பது தெரியாமல் பொருளை மட்டும் தெரிந்துகொள்வது ஆபத்து.

இதற்கு மேலும் சான்று வேண்டுமென்றால் புளியறைச் சோதனைச் சாவடிக்கு வாருங்கள். கோட்டைவாசல் தாண்டினால் கேரளத்து ஆரியங்காவு. செங்கோட்டைப் பகுதியே 1956 நவம்பர் 1 அன்றுதான் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. இங்கே டீ ஆற்றுகிறவரும் பஞ்சர் ஒட்டுகிறவரும் கேரள லாரிக்காரர்களோடு மலையாளத்தில் விலை பேசுகிறார்கள், வழி சொல்கிறார்கள், சண்டையும் போடுகிறார்கள். அவர்களில் யார் நூறு மலையாளப் பழஞ்சொல்லை மனப்பாடம் பண்ணிவிட்டுப் பேச ஆரம்பித்தது? தப்பும் தவறுமாகப் பேசினார்கள், எதிராளி திருத்தினார், வந்துவிட்டது. இங்கிலீஷும் மொழிதானே, அதற்கு மட்டும் என்ன தனி விதி?

ஐடியங்களைப் பற்றிச் சுற்றும் மற்ற கதைகளுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். கூரையில் படுத்திருந்த பூனையும் நாயும் மழையில் வழுக்கி விழுந்ததால்தான் அந்த மழைத்தொடர் வந்தது என்பது 1999ல் மின்னஞ்சலில் சுற்றிய கட்டுக்கதை. மனைவியைக் கட்டைவிரல் பருமனுள்ள கம்பால் அடிக்கலாம் என்ற சட்டத்திலிருந்து 'ரூல் ஆஃப் தம்ப்' பிறந்தது என்பதும் பொய். அப்படிச் சட்டமே இருந்ததில்லை. 'டூ த நீட்ஃபுல்' நாம் கெடுத்த இங்கிலீஷ் என்கிறார்கள். அது பிரிட்டிஷாரே எழுதிய தொடர், அங்கே வழக்கொழிந்தது, இங்கே நிலைத்தது. ஆனாலும் கடிதத்தில் என்ன செய்ய வேண்டும் என்று நேராகவே எழுதுங்கள், அதுதான் மரியாதை.

மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. தேர்வில் ஐடியத்துக்குப் பொருள் கேட்கிறார்களே என்பீர்கள். கேட்கிறார்கள், தேர்வுக்குப் படியுங்கள். அது பார்த்தால் புரிந்துகொள்வதற்கான படிப்பு. பேசுவதற்கு 'பை த வே', 'டேக் யுவர் டைம்', 'ஆன் த வே', 'மேக் ஷ்யூர்' போன்ற சின்னத் தொடர்கள் போதும். ஒரு தொடரை மூன்று வேறு இடங்களில் கேட்டோ வாசித்தோ பழகின பிறகு வாயில் எடுங்கள். சந்தேகமாக இருந்தால் நேராகச் சொல்லுங்கள். 'இட் இஸ் ரெய்னிங் ஹெவிலி' என்று சொன்னதற்காக எந்த நேர்முகத் தேர்விலும் யாரையும் தள்ள மாட்டார்கள்.

எனக்கு இன்னொரு ஆதங்கம். பீட்டர் பெர்சிவல் என்ற பாதிரியார் தமிழர்களோடு பழகி நம் பழமொழிகளைத் திரட்டினார். ஆங்கிலப் பொருளோடு 1874ல் சென்னையில் வந்த அவருடைய பதிப்பில் ஆறாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. கடல் கடந்து வந்தவர் நம் பேச்சைச் சேர்த்தார். நம் பிள்ளைகளோ வயலில் களை எடுக்கும் ஆச்சி சொல்லும் சொலவடைக்குப் பொருள் தெரியாமல், இங்கிலாந்துக்காரனே மறந்த தொடரை உருப்போடுகிறார்கள். சொலவடையை எந்த இடத்தில், யாரிடம், எந்தக் குரலில் சொல்வது என்று ஆச்சிக்குத் தெரியும். அந்தப் பக்குவத்தைத் தாய்மொழியில் கற்ற பிள்ளைக்கு வேற்றுமொழி மரபும் சீக்கிரம் பிடிபடும். இதை என் வகுப்பில் கண்கூடாகப் பார்க்கிறேன்.

அதனால் பெற்றவர்களே, பட்டியலுக்குக் கட்டும் காசை நிறுத்துங்கள். செங்கோட்டை நூலகத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப்போங்கள், ஒரு இங்கிலீஷ் பத்திரிகையை தினமும் பத்து நிமிடம் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். வீட்டில் ஒரு நோட்டு வாங்கி வைத்து ஆச்சியின் சொலவடைகளைப் பிள்ளைகளின் கையாலேயே எழுத வையுங்கள். பிள்ளைகள் தப்பாகப் பேசினால் சிரிக்காதீர்கள். பேசவிடுங்கள்.