கோழியின் எடையை நாடாவால் கணக்கிடுவோம்



கோழி வாங்க வரும் வியாபாரி, காலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டு "ஒரு கிலோதாம்மா இருக்கும்" என்கிறார். நம்ம கையில் தராசு கிடையாது. அவர் சொன்னதுதான் எடை, கொடுத்ததுதான் காசு. கிலோ 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கோழிக்கு 200 கிராம் குறைத்துச் சொன்னால் 80 ரூபாய் போச்சு. பத்துக் கோழி விற்றால் 800 ரூபாய். நம்ம மாதச் சேமிப்பு போல அது எத்தனை மடங்கு என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

தையல் நாடா ஒன்று இருந்தால், எடையை ஓரளவு நாமே கணிக்கலாம். மாட்டுக்கு மார்புச் சுற்றளவு எடுத்து எடை பார்ப்பது போலத்தான் இதுவும்.

காலையில் இரை போடுவதற்கு முன்பே அளக்க வேண்டும். இரை தின்ற கோழியின் கழுத்தடிப் பை நிறைந்திருக்கும், அளவும் எடையும் கூடுதலாகக் காட்டும். ஒருவர் கோழியைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் இறக்கைகளைத் தூக்கி, அவற்றின் அடியில் நெஞ்செலும்பு தொடங்கும் இடத்தில் நாடாவைச் சுற்ற வேண்டும். இறகு படிந்தால் போதும், உடம்பு அழுந்தக் கூடாது. மூன்று தரம் அளந்து நடு அளவை எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வருவோம். சுற்றளவு கொஞ்சம் கூடினாலே எடை நிறையக் கூடிவிடும். கோழி பெருக்கும்போது நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்துதானே பெருக்கிறது? ஒரே சாதியில், ஒரே வாகில் இரண்டு கோழி. ஒன்று 27 சென்டிமீட்டர் சுற்றளவு, எடை 1 கிலோ. இன்னொன்று 30 சென்டிமீட்டர். 30-ஐ மூன்று முறை பெருக்கினால் 27,000. 27-ஐ மூன்று முறை பெருக்கினால் 19,683. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 1.37. அதாவது பெரிய கோழி ஏறத்தாழ 1 கிலோ 370 கிராம்! கண்ணுக்குத் தெரிந்தது 3 சென்டிமீட்டர்தான். "ரெண்டும் ஒரே சைஸ்தானே" என்று ஒரே விலை பேசுவது இந்த இடத்தில்தான் நடக்கிறது. (நாடாவுக்குள் இறகும் சேர்ந்து வருவதால் இது தோராயக் கணக்குதான்.)

ஆனால் ஒரு சாதிக்குப் போட்ட கணக்கு இன்னொரு சாதிக்கு ஒத்து வராது. அசில் வகைப் பெருவிடையின் இறகு குட்டையாக, உடம்போடு ஒட்டிக் கிடக்கும். எலும்பும் சதையும் கெட்டி. பார்வைக்குத் தெரிவதைவிடத் தூக்கினால் கனக்கும். வனராஜா புசுபுசுவென்று இருக்கும், நாடாவில் இறகுக்கும் பங்கு உண்டு. சிறுவிடையும் கருங்கோழியும் சின்ன உருவம், அவற்றுக்குத் தனி அட்டை வேண்டும். சேவலுக்கும் பெட்டைக்கும்கூடத் தனித்தனியாகத்தான் எழுத வேண்டும்.

காலின் நீளத்தை அளந்தால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். வளரும் பருவத்தில் அது உதவும். வளர்ந்த கோழி நோயில் மெலிந்தாலும் கால் எலும்பு சுருங்காதே! அதனால் கால் அளவை மட்டும் நம்ப வேண்டாம். அடைக்கோழியிலும் கவனம் தேவை. சரியாக இரை எடுக்காமல் மெலிந்திருக்கும், ஆனால் இறகைச் சிலுப்பிக்கொண்டு பெரிதாகத் தெரியும். நெஞ்செலும்பைத் தடவிப் பாருங்கள். கத்தி விளிம்பு போலக் கையில் குத்தினால் சதை இல்லை என்று அர்த்தம், நாடா காட்டுவதைவிட எடை குறைவாகத்தான் இருக்கும்.

அட்டை தயாரிக்கக் குழுவுக்கு ஒரு தொங்கு தராசு போதும். ஒவ்வொரு சாதியிலும் பத்துக் கோழியை அளந்து, துணிப்பையில் போட்டு நிறுத்து, பையின் எடையைக் கழித்து, சுற்றளவுக்கு நேரே எழுதுங்கள். பிறகு வேறு மூன்று கோழிகளை அட்டையைப் பார்த்து முதலில் கணித்துவிட்டு, அப்புறம் நிறுத்துப் பாருங்கள். 100 கிராமுக்கு மேல் தப்பினால் இன்னும் சில கோழிகளைச் சேர்த்து அட்டையைத் திருத்த வேண்டும்.

வியாபாரி தராசு கொண்டு வந்தால் அதில் அரசு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கோழியை மாட்டும் முன், வீட்டில் பிரிக்காமல் இருக்கும் ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டை அதில் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள்.