தகட்டை நம்பாதீர்கள், கட்டையைத் தட்டிப் பாருங்கள்

கேள்வி: எங்கள் தாத்தா பேண்ட் செட் நடத்தியவர். அவர் வைத்திருந்த டிரம்ஸ் செட் பரணில் கிடக்கிறது. ‘மேட் இன் ஜப்பான்’ என்று தகடு இருக்கிறது. அதிலுள்ள கம்பெனிப் பெயர் யாருக்கும் தெரியவில்லை. எந்த வருடத்துச் சரக்கு? (வாசகர், கழுகுமலை)

பதில்: அந்தப் பெயரை மறந்துவிடுங்கள். 1960களின் ஜப்பான் டிரம்ஸில் பெயர் என்பது வாங்கி விற்ற வியாபாரியின் விருப்பம். பேர்ல் கம்பெனி 1946இல் டோக்கியோவில் இசைக்குறிப்பு வைக்கும் ஸ்டாண்டு செய்து பிழைப்பைத் தொடங்கியது. 1950இல் டிரம்ஸுக்கு வந்தது. 1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் குழு அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றியதும் ரிங்கோ ஸ்டாரைப் பார்த்த பையன்கள் எல்லாரும் டிரம்ஸ் கேட்டு அடம் பிடித்தார்கள். அவர் வாசித்த லட்விக் செட் வாங்க அப்பாக்களிடம் காசு இல்லை. அந்த அப்பாக்களின் பர்ஸைக் குறிவைத்து இறங்கியது ஜப்பான். பேர்ல் ஒன்றே முப்பதுக்கும் மேற்பட்ட பெயர்களில் செய்து அனுப்பியது. ஹோஷினோ கம்பெனி 1965 முதல் ‘ஸ்டார்’ என்று விற்று, 1974இல் ‘தாமா’ என்று மாற்றியது. யமஹா இந்தப் பந்திக்கு 1967இல்தான் வந்து உட்கார்ந்தது.

தகட்டில் எண் இருந்தால் அதை வைத்து வருடம் சொல்லிவிடலாம் என்று சிலர் சத்தியம் செய்வார்கள். அந்த மலிவுச் செட்டுகளின் எண்ணில் வருடம் தேடுவது கிணற்றில் நிலாவைத் தேடுவது போல. எண் அழகுக்காக அடித்தது.

தோலைக் கழற்றிக் கட்டையின் உள்ளே பாருங்கள். லேசான, நார் நாராகத் தெரியும் லவான் மரத்தின் மெல்லிய பலகைகளை ஒட்டி வளைத்து, ஓரத்தில் வளையம் வைத்திருந்தால் அது 60களின் ஜப்பான் வேலைதான். எனக்கு மிகவும் பிடித்த அடையாளம் இன்னொன்று. மேலே சுற்றியிருக்கும் பளபளா பிளாஸ்டிக் உறை எங்கே முடிகிறது? மற்றவர்கள் ஒரு முனையை மறுமுனை மேல் ஏற்றி ஒட்டுவார்கள். அந்தக் கால ஜப்பான்காரர்கள் பலர் இரு முனைகளையும் கட்டையின் பொருத்துக்குள்ளேயே செருகிவிட்டார்கள். பெயர் மாறலாம், கை மாறாது.

நம் தீப்பெட்டியும் அப்படித்தான். ஒரே பட்டறையில் ஐந்து லேபிள் ஒட்டுவார்கள். கிளி, மயில், சாவி எல்லாம் ஒரே மருந்தில் தோய்ந்த குச்சிதான். இதை நான் எழுதாத இதழ் இல்லை என்று ஆசிரியர் கோபிக்கிறார். கோபிக்கட்டும், கோவில்பட்டியில் உட்கார்ந்துகொண்டு லேபிளைப் பற்றிப் பேசாமல் வேறு எதைப் பேசுவது?

கேள்வி: தீப்பெட்டி லேபிளைப் பார்த்து வருடம் சொல்ல முடியுமா? (வாசகி, விளாத்திகுளம்)

பதில்: இதற்காகத்தான் காத்திருந்தேன்! டிரம்ஸை விட இது ஆயிரம் மடங்கு எளிது, ஏனென்றால் அரசாங்கமே துப்புக் கொடுத்திருக்கிறது. ‘ந.பை.’ (நயா பைசா) என்று விலை போட்டிருந்தால் 1957 ஏப்ரலுக்கும் 1964 ஜூனுக்கும் இடைப்பட்டது. ‘மெட்ராஸ் ஸ்டேட்’ என்றால் 1969 ஜனவரிக்கு முந்தியது. ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. நம் கோவில்பட்டி முகவரியில் திருநெல்வேலி மாவட்டம் என்றிருந்தால் 1986 அக்டோபருக்கு முந்தியது, சிதம்பரனார் மாவட்டம் என்றால் அதற்குப் பிந்தியது. விலை ஒரு ரூபாய் என்றால் 2007 முதல் 2021 நவம்பர் வரை. டிசம்பர் 1 முதல் இரண்டு ரூபாய்.

அதற்கும் முன்னே போனால் நம் சாமி படங்களோடு கோபேயிலிருந்தும் ஒசாகாவிலிருந்தும் வந்த ஜப்பான் பெட்டிகள். முதல் உலகப் போரில் சுவீடன் சரக்கு குறைந்தபோது அந்த இடத்தைப் பிடித்தவர்கள் அவர்கள்தான். 1922இல் இறக்குமதி வரி ஏறியது. அதே வருடம் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கு ரயிலேறித் தொழில் கற்று வந்தார்கள். மழை பெய்யாத கரிசல் சீமையில் குச்சியும் பெட்டியும் தானாகக் காய்ந்தன. வானம் பார்த்த விவசாயிக்குச் சாபமாக இருந்த வெயில் இந்தத் தொழிலுக்குக் கூலி வாங்காத வேலையாள்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஒரு பழைய கல்யாணப் படம் இருக்கிறது. நாகஸ்வரம் வாசிப்பவர் காருகுறிச்சியார் என்று பெரியம்மா அடித்துச் சொல்கிறாள். முகம் மங்கிவிட்டது. உண்மையா? (வாசகர், சாத்தூர்)

பதில்: டிரம்ஸில் தொடங்கி இங்கே வந்துவிட்டோம், மகிழ்ச்சி. காருகுறிச்சி அருணாசலம் 1921இல் பிறந்தவர், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சீடர், கோவில்பட்டியில் குடியேறியவர். 1964இல் காலமானார். ஆகவே படம் அதற்குள் எடுத்ததா என்று பார்த்தால் போதும். முகத்தை விட்டுவிட்டுப் பக்கத்திலிருக்கும் தவிலைப் பாருங்கள். தோல் வாரால் இழுத்துக் கட்டிய தவில் என்றால் பெரியம்மா சொல்வதற்கு இடமுண்டு. டிரம்ஸைப் போல இரும்பு வளையமும் திருகாணியும் தெரிந்தால் அது பிற்காலத் தவில். பெரியம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், சாப்பாட்டுக்குப் பிறகு.