காய்கறியின் நிறமும் கண் பார்வையும்

சந்தைக்குப் போகும் கூடையையும், அதே வீட்டில் அடுப்பில் ஏறும் சட்டியையும் ஒரு நாள் ஒப்பிட்டுப் பாருங்கள். பழுத்த பப்பாளி, சிவந்த தக்காளி, முற்றிய பரங்கி எல்லாம் கூடையில் ஏறிவிடுகின்றன. சட்டியில் கொதிப்பது புளிக்குழம்பு; தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு. நாலு காசு பார்க்க வேண்டியதுதான். ஆனால் வீட்டுக் குழந்தைகளின் கண்ணுக்கு வேண்டிய சத்தும் அந்தக் கூடையோடு போய்விடுகிறது.

பப்பாளி, மாம்பழம், பரங்கி, காரட் ஆகியவற்றின் மஞ்சள் நிறத்திற்குக் காரணம் கரோட்டின் என்னும் பொருள். இதை நம் உடல் வைட்டமின் 'ஏ'யாக மாற்றிக் கொள்கிறது. கீரைகளிலும் கரோட்டின் ஏராளம். இலையின் பச்சை அதை மறைத்துவிடுவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. கரும்பச்சையாக உள்ள முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணி, அகத்தி ஆகியவை இதில் முன்னணியில் நிற்பவை. சர்க்கரைவள்ளியில் மட்டும் ஏமாந்துவிடக் கூடாது. தோல் சிவப்பாக இருந்தாலும் உள்ளே வெள்ளையாக இருந்தால் கரோட்டின் மிகக் குறைவு. உள்சதை ஆரஞ்சு நிறமாக உள்ள ரகமே வேண்டும். திருவனந்தபுரத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் 'பூ சோனா' இத்தகைய ரகம்.

வைட்டமின் 'ஏ' குறைந்தால் முதலில் மாலைக்கண் வரும். பொழுது சாய்ந்ததும் குழந்தை தட்டுத் தடுமாறும். தட்டில் உள்ள சோற்றைத் தடவி எடுக்கும். பிறகு வெள்ளை விழி வறண்டு, நுரை ஒட்டியது போன்ற புள்ளி தோன்றும். கருவிழி புண்ணாகிவிட்டால் போன பார்வை திரும்பாது. ஆகவே மாலைக்கண் தெரிந்த உடனேயே ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்ல வேண்டும். கீரை கொடுத்துப் பார்க்கலாம் என்று நாள் கடத்தக் கூடாது. மத்திய அரசு 1970-ல் தொடங்கிய திட்டப்படி, இப்போது 9 மாதம் முதல் 5 வயது வரை ஆறு மாதத்திற்கு ஒரு முறை வைட்டமின் 'ஏ' திரவம் புகட்டுகிறார்கள். வீட்டில் கீரை இருக்கிறதே என்று அதை விட்டுவிட வேண்டாம்.

சமையலில் கவனிக்க வேண்டியது உண்டு. கரோட்டின் கொழுப்பில் கரைவது. கீரையைத் துளி எண்ணெய் கூட இல்லாமல் வேக வைத்துத் தின்றால் சத்தில் பெரும்பகுதி உடலில் சேராது. ஒரு தேக்கரண்டி எண்ணெயில் தாளித்தாலோ, கொஞ்சம் தேங்காய் சேர்த்தாலோ போதும். காரட்டைப் பச்சையாகக் கடிப்பதைவிட வேக வைத்தால் கரோட்டின் எளிதில் கிடைக்கும். மூடி போட்டு, அளவாக வேக வைக்க வேண்டும். பறித்த கீரையை வெயிலில் போட்டு வைத்தால் நிறம் வெளுக்கும். அதோடு சத்தும் போகும். முருங்கை இலையைப் பொடி செய்பவர்கள் நிழலில்தான் உலர்த்த வேண்டும்.

மற்ற நிறங்களும் வீண் இல்லை. தக்காளி, தர்ப்பூசணியின் சிவப்பு லைக்கோபீன்; நாவல், கறுப்புத் திராட்சை, கத்தரித் தோல் ஆகியவற்றின் ஊதா ஆந்தோசயனின். இவை வைட்டமின் 'ஏ' ஆவதில்லை. என்றாலும் பல நிறமாகச் சாப்பிடுகிறவருக்குப் பல சத்தும் கிடைக்கிறது. பீட்ரூட், செங்கீரை ஆகியவற்றின் சிவப்பு நீரில் கரைவதால், வெந்த நீரைக் கொட்டாமல் குழம்பில் சேர்ப்பது நல்லது. அதற்காக நிறமில்லாததை எல்லாம் ஒதுக்கிவிடவும் கூடாது. நெல்லிக்காய் வெளிறித்தான் இருக்கிறது. வைட்டமின் 'சி'யில் அதற்கு இணை சொல்வது கடினம்! கிழங்கு வகை நீங்கலாக, ஒருவருக்கு நாளொன்றுக்குக் காயும் பழமுமாக 400 கிராமாவது வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

இதற்கெல்லாம் கடைக்கு ஓட வேண்டியதில்லை. கொல்லையில் 1 சென்ட் நிலம் இருந்தால் போதும். ஒரு முருங்கை வையுங்கள். பெரியகுளத்தின் பி.கே.எம். 1 ரகமானால் செடி 75 செ.மீ. வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட, பக்கக் கிளைகள் வெடித்துக் கைக்கெட்டும் உயரத்தில் இலை கிடைக்கும். பப்பாளியில் கோ.3, கோ.7 ரகங்களில் தனி ஆண் மரம் கிடையாது என்பதால், இரண்டு மரம் மட்டும் வைக்கும் வீட்டுக்கு அவை ஏற்றவை. மேட்டில் நட வேண்டும். அடியில் நீர் தேங்கினால் மரம் அழுகிவிடும். முளைக்கீரை 25 நாளில் பறிப்புக்கு வரும். வாரம் ஒரு சிறு பாத்தியாக விதைத்தால் இடைவெளி விழாது. பரங்கிக் கொடியை வேலியில் ஏற்றிவிடலாம். முற்றிய காய் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும்.

பயிருக்குப் பூச்சிமருந்து அடிக்கும் வயலின் வரப்பில் இந்தக் கீரையை வளர்க்க வேண்டாம். குளியல் சோப்பு நீரையும் கீரைப் பாத்திக்கு விடாமல், வாழைக்கோ தென்னைக்கோ திருப்பிவிடுங்கள்.