ஓவியர் கூடமும் விருந்தாளி நாயும்
வேலைக்காகச் சிங்கப்பூர் வந்தவரா? வார இறுதிக்குச் சில குறிப்புகள்:

1. குட்மேன் கலை மையம் போன்ற இடங்களில் ஓவியர் கூடத்தைப் பார்க்க, ஓவியரிடம் முன்பே நேரம் கேளுங்கள். அது அவர் வேலை செய்யும் அறை, கடையல்ல.

2. அங்கே போகும்போது நாய் வீட்டிலேயே இருக்கட்டும். எண்ணெய் வண்ணம் காய நாள்கணக்காகும். ஓவியம் பாழாக ஒரு வாலாட்டல் போதும்!

3. உங்கள் வீட்டுக்கு வரும் விருந்தாளி நாயை முதலில் பீஷான்-அங் மோ கியோ பூங்காவின் நாய்த் திடலில் உங்கள் நாயோடு சந்திக்க வையுங்கள். சொந்த வாசலில்தான் நாய்க்கு ரோஷம் அதிகம். திடலுக்குள் போகும்வரை வாரைக் கழற்றாதீர்கள், சட்டம் அப்படி.

4. பிறகு வீட்டுக்கு அழைக்கலாம். அதற்குமுன் சோற்றுத்தட்டு, பந்து, எலும்பு எல்லாம் அலமாரிக்குள் போகட்டும். சண்டை பெரும்பாலும் அவற்றுக்குத்தான். தண்ணீர் மட்டும் இரண்டு கிண்ணத்தில்.

5. மதிய வெயிலில் விளையாட்டு வேண்டாம். சப்பை மூக்கு பக் நாய் சீக்கிரமே மூச்சுக்குத் தவிக்கும்.