ப்ரவுசரில் வரும் இன்டர்நெட் டெர்மினலில் வரவில்லையா?

லினக்ஸ் உள்ள லேப்டாப்பைக் கல்லூரி விடுதிக்கு எடுத்துச் செல்கிறீர்கள். அங்கே இன்டர்நெட் ப்ராக்ஸி சர்வர் வழியாகத்தான் கிடைக்கும். ஃபயர்பாக்ஸின் செட்டிங்ஸில் ப்ராக்ஸி முகவரியையும் போர்ட் எண்ணையும் கொடுத்ததும் இணையப் பக்கங்கள் வருகின்றன. ஆனால் டெர்மினலில் டபிள்யூகெட் கட்டளை மூலம் ஒரு ஃபைலை டவுன்லோட் செய்தால் அப்படியே நிற்கிறது. அவசரப்பட்டு லினக்ஸைத் திரும்ப இன்ஸ்டால் செய்து விடாதீர்கள்!

ஃபயர்பாக்ஸில் கொடுத்த செட்டிங் ஃபயர்பாக்ஸுக்கு மட்டுமே. டபிள்யூகெட், கர்ல் போன்றவை என்விரான்மென்ட் வேரியபிளைத்தான் பார்க்கும். கீழ்க்கண்டதை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் டைப் செய்து என்டர் கீயை அழுத்துங்கள். முகவரியும் போர்ட்டும் உங்கள் இடத்தில் தந்தவையாக இருக்கட்டும்.

எக்ஸ்போர்ட் எச்டிடிபி_ப்ராக்ஸி=எச்டிடிபி://192.168.1.1:3128

சமக்குறிக்கு இருபுறமும் இடைவெளி கூடாது. எக்ஸ்போர்ட் என்ற சொல்லை விட்டுவிட்டால் வேரியபிள் ஷெல்லோடு நின்றுவிடும், டபிள்யூகெட்டுக்குப் போய்ச் சேராது. பிறகு எச்டிடிபிஎஸ்_ப்ராக்ஸி என்ற பெயரிலும் இதே போலக் கொடுங்கள். பெயரில்தான் எஸ் வரும். சமக்குறிக்குப் பின் உள்ள முகவரி பெரும்பாலும் எச்டிடிபி என்றே தொடங்கும். பலரும் தவறு செய்யும் இடம் இது.

ப்ராக்ஸி பாஸ்வேர்டு கேட்டால், முகவரிக்கு முன்னால் யூசர்நேம், முக்காற்புள்ளி, பாஸ்வேர்டு, பிறகு அட் குறி. பாஸ்வேர்டிலேயே அட் குறி இருந்தால் அதற்குப் பதில் %40 என டைப் செய்யுங்கள். இப்படி டைப் செய்த பாஸ்வேர்டு ஹிஸ்டரியில் அப்படியே பதிவாகிவிடும். அறை நண்பர் உங்கள் லேப்டாப்பில் மேல்நோக்கு அம்புக்குறியை அழுத்தினால் போதும், தெரிந்துவிடும்! உபுண்டுவில் கட்டளைக்கு முன் ஒரு ஸ்பேஸ் விட்டு டைப் செய்தால் ஹிஸ்டரியில் பதிவாகாது.

சுடோ போட்டு ஏபிடி கொடுத்தால் மறுபடியும் தகராறு வரலாம். சுடோ பெரும்பாலான வேரியபிள்களை நீக்கிவிடும். எனவே /இடிசி/ஏபிடி/ஏபிடி.கான்ஃப்.டி ஃபோல்டரில் 95ப்ராக்ஸி என ஒரு ஃபைல் உருவாக்கி இந்த வரியை எழுதுங்கள். கடைசியில் உள்ள அரைப்புள்ளி முக்கியம்.

அக்வயர்::எச்டிடிபி::ப்ராக்ஸி "எச்டிடிபி://192.168.1.1:3128/";

பிங் மட்டும் எப்படியும் ப்ராக்ஸி வழியே போகாது. அது ஐசிஎம்பி என்ற வேறு முறையைப் பயன்படுத்துகிறது. பிங்குக்குப் பதில் வரவில்லை என்று கவலைப்பட வேண்டாம்.

விடுமுறைக்கு வீட்டுக்கு வந்ததும் 95ப்ராக்ஸி ஃபைலை நீக்கிவிடுங்கள். வேரியபிள் டெர்மினலை மூடினால் போய்விடும். ஆனால் அந்த ஃபைல் இருக்கும்வரை ஏபிடி, விடுதியின் ப்ராக்ஸியைத்தான் தேடிக்கொண்டிருக்கும்.