டோனிகால்: மலையைப் பார்த்துக் கட்டிய ஆலயங்கள்

அயர்லாந்தின் வடமேற்குக் கோடியிலுள்ள டோனிகால் மாவட்டத்துக்குப் பிரயாணம் செய்பவர்களில் அநேகர் கடலோரப் பாறைகளின் சௌந்தரியத்தைக் கண்டதோடு திருப்தியடைந்து திரும்பிவிடுகிறார்கள். லியம் மக்கார்மிக் (1916–1996) என்னும் கட்டடக் கலைஞர் அங்கே நிர்மாணித்த தேவாலயங்களைக் காணாமல் வருவது பெரிய நஷ்டம் என்றே சொல்வேன்.

டெர்ரியிலிருந்து லெட்டர்கெனிக்குச் செல்லும் நெடுஞ்சாலையோரம், பர்ட் என்னுமிடத்தில் நிற்கும் புனித ஏங்கஸ் ஆலயம் அவற்றுள் தலையாயது. ஆனால் அதற்குள் நுழையுமுன், மேலே குன்றின் உச்சியில், பண்டைய அரசர்களின் ஆசனமாயிருந்த கிரீனன் கோட்டைக்குப் போய்விடுங்கள். சுமார் 5 மீட்டர் உயரமுள்ள அந்த வட்டக் கல்மதிலின் மேல் படியேறி நின்று, சுவில்லிக் கடற்கழி நிலத்துக்குள் புகுந்து கிடக்கும் அழகைக் கண்ணாரக் கண்டபின் இறங்கி வந்தால், 1967-இல் எழுந்த ஆலயம் அக்கோட்டையின் வட்டத்தையே தன் உருவமாக ஏற்றிருப்பது தெரியும். வளைந்த கற்சுவரைக் கையால் தொட்டபடி ஒருமுறை சுற்றி வாருங்கள். செம்புத் தகடு வேய்ந்த கூரை கூடாரம்போல் எழுந்து, நடுமத்தியில் நில்லாமல் ஒருபுறம் ஒதுங்கிச் சிகரமாய்க் கூர்ந்திருப்பதன் காரணம் உள்ளே போனதும் விளங்கும்: அச்சிகரத்தின் வழியே இறங்கும் வெளிச்சம் பலிபீடத்தின்மேல் விழுகிறது. ஹெலன் மொலோனியின் வண்ணக் கண்ணாடிகளையும் நின்று பாருங்கள். நூற்றாண்டின் முடிவில் அயர்லாந்து மக்கள் வாக்களித்து, இதையே அந்நூற்றாண்டின் கட்டடமாகத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

கிரீஸ்லாக்கிலுள்ள புனித மைக்கேல் ஆலயத்தை (1971) முதலில் சற்றுத் தூரத்திலிருந்தே பார்க்க வேண்டும். பின்னால் தட்டையான முடியுடன் நிற்கும் மக்கிஷ் மலையின் சாயல் அதன் வெள்ளைச் சுவர்களில் படிந்திருப்பது அப்போதுதான் புலப்படும். மேகம் மலையை மூடியிருந்தால் காத்திருங்கள். கிளென்டீஸ் ஆலயத்தின் செங்குத்தான கூரைக்கு அரைமணி போதும்.

மூன்றும் இன்றும் வழிபாடு நடக்கும் ஸ்தலங்களாதலால், ஞாயிறு காலையிலும் சவ அடக்க வேளைகளிலும் சுற்றிப் பார்க்கப் போவது முறையாகாது. ரயில் இம்மாவட்டத்தில் இல்லை, கார் வேண்டும். டெர்ரி வட அயர்லாந்தில் உள்ளது, டப்ளினிலிருந்து லெட்டர்கெனிக்கு வழக்கமாகச் செல்லும் சாலையும் அப்பிரதேசத்தின் ஊடாகவே போகிறது. ஆகையால் பிரிட்டிஷ் விசா தேவையா என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். ஸ்லைகோ மார்க்கமாக வந்தால் எல்லையைத் தாண்ட வேண்டியதில்லை. அவ்வாறு வருபவர்கள் கிளென்டீஸில் தொடங்கி, பர்ட்டைக் கடைசியாக வைத்துக்கொள்வது சௌகரியம்.