கொஞ்சம் பாக்கி வைத்துவிட்டு வா

கண்ணு,

முதல் சம்பளங்களைச் சேர்த்துவைத்து, முதன்முறையாகத் தனியாக ஊர் பார்க்கக் கிளம்பியிருக்கிறாய். நாலு நாள் மதுரை. "மூணு நாளைக்கு எல்லாம் முடிவு பண்ணிட்டேன் தாத்தா, கடைசி நாளுக்குத்தான் ஒண்ணும் போடலை. என்ன பண்ணட்டும்?" என்று கேட்டாய். ஒன்றும் போடாததே நல்லது. ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறும்வரை ஒரு முழுப் பகல் உன் கையில் இருக்கிறது. அந்தப் பகலை நான் நாற்பது வருஷமாக விதவிதமாகக் கெடுத்திருக்கிறேன். ஆபீஸில் கணக்கு எழுதிப் பிழைத்தவன், லீவிலும் கணக்கு எழுதிக்கொண்டே திரிந்தேன். அந்தத் தப்புகளைத்தான் கீழே வரிசைப்படுத்தியிருக்கிறேன். அறிவுரை என்று எடுத்துக்கொள். கிழவன் புலம்பல் என்று தள்ளினாலும் வருத்தமில்லை.

1. பட்டியல் போடாதே. ஒரு லீவின் கடைசி நாளில் பதினோரு இடங்களை எழுதிக்கொண்டு கிளம்பினேன். திருமலை நாயக்கர் மகாலில் தூண்களை அண்ணாந்து பார்க்கும்போதே மனசு காந்தி மியூசியத்துக்குப் போய்விட்டது. மியூசியத்தில், காந்தி சுடப்பட்ட அன்று உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணிக்கு முன்னால் நின்றுகொண்டு மணி பார்த்தேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. பதினொன்றுக்கும் டிக் போட்டேன். ரயிலில் படுத்துக் கண்ணை மூடினால் அந்தச் சீட்டுதான் தெரிந்தது, ஊர் தெரியவில்லை. கடைசி நாள் என்பது வசூல் நாள் இல்லை, கண்ணு.

2. காலையிலேயே சுமையை இறக்கிவிடு. அறையைக் காலி செய்து, பெட்டியை ரயில் நிலையத்தில் பொருள் வைக்கும் அறையில் போட்டுவிட்டு வெறுங்கையோடு நட. வாங்க வேண்டியதைச் சாயங்காலம் வாங்கிக்கொள்ளலாம். ஒரு வருஷம் காலை பத்து மணிக்கே அல்வாவும் சேலையும் பித்தளைக் குத்துவிளக்கும் வாங்கி, நாளெல்லாம் தூக்கித் திரிந்தேன். தூக்குகிறவனுக்குத் தோள்தான் தெரியும், தெரு தெரியாது. மேல மாசி வீதியில் ஒரு மாடி வீடு இருக்கிறது, போய்ப் பார். 1921 செப்டம்பர் 22ஆம் தேதி காந்தி தம் பழைய உடையைக் களைந்து நாலு முழத் துணிக்கு மாறியது அங்கேதான். அன்றைக்குக் குத்துவிளக்கோடு அந்த வாசலில் மூச்சு வாங்க நின்றேன். எனக்கே சிரிப்பு வந்தது.

3. வழி கேட்கக் கூச்சப்படாதே. மீனாட்சி கோயிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, அப்புறம் ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி. சதுரத்துக்குள் சதுரமாக அடுக்கிய ஊர் இது. கடைசிச் சதுரம் இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் கோட்டையும் அகழியும் இருந்தன. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தபோது ஊர் மூச்சுவிட இடம் கிடைத்தது. இன்றைக்கும் அவர் நினைவாக விளக்குத்தூண் நிற்கிறது. இதெல்லாம் எனக்கு மனப்பாடம் என்ற திமிரில் யாரையும் கேட்காமல் நடந்தேன். சதுரத் தெருவில் விடாமல் நடந்தால் புறப்பட்ட இடத்துக்கே வருவோம் அல்லவா? ஒரே டீக்கடையை மூன்றாவது தடவை கடந்தபோது கடைக்காரர் சொன்னார்: "அண்ணே, சாமியே ஒரு சுத்துத்தான் சுத்தும். எங்கிட்டுப் போகணும், சொல்லுங்க." வழி கேட்பதால் குறைவது தூரம் மட்டுமில்லை, தலைக்கனமும்தான்.

4. உச்சிப் பொழுதில் உட்கார். மதியம் கோயில் நடை சாத்திவிட்டால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். அது தெரியாமல் போய், கோபுர வாசலில் நின்ற காவலரிடம் "மெட்ராஸிலிருந்து வர்றேன், இன்னிக்கு ராத்திரி வண்டி" என்று சண்டை போட்டிருக்கிறேன். அவர் கோபப்படவில்லை. "அம்மாவே சித்த படுத்திருக்கா சார், நீங்களும் உக்காருங்க" என்று நிழலைக் காட்டினார். அன்று அந்த நிழலில் உட்கார்ந்து பார்த்ததுதான் இன்னும் நினைவில் இருக்கிறது: ஈரத்துணி போர்த்திய மல்லிக் கூடை, அதன்மேல் கையை வைத்தபடி தூங்கும் பூக்காரம்மா, வெயிலில் பூத்த சுண்ணாம்புச் சுவர். சும்மா இருக்கத் தெரியாதவனுக்கு ஊர் தன் முகத்தைக் காட்டாது. நடை திறந்ததும் கைபேசியை வெளியே கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். அதைத் தொல்லையாக நினைக்காதே. பொற்றாமரைக் குளத்துப் படியில் ஒரு மணி நேரம் உன் கண்கள் உனக்கே சொந்தம்.

5. நாக்குக்கு ஊரைக் காட்டு, வயிற்றுக்குக் காட்டாதே. 'நாளைக்கு இது கிடைக்காதே' என்ற பயத்தில் ஒரே நாளில் கறிதோசை, ஜிகர்தண்டா, பட்டர் பன், பரோட்டா என்று அடுக்கினேன். அந்த இரவு விழுப்புரம் வரை ரயில் கழிப்பறை வாசலில் நின்றே வந்தேன். பசியால் தின்றவன் பிழைத்துக்கொள்வான். பயத்தால் தின்றவன் படுவான். நீ ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடு. என்னைக் கேட்டால், சாயங்காலம் தள்ளுவண்டியில் ஆவி பறக்க வரும் பருத்திப்பால். பருத்திக்கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பால் எடுத்து, வெல்லமும் சுக்கும் ஏலமும் போட்டுக் காய்ச்சுவார்கள். நின்றபடி, ஊதி ஊதி, ஒரு டம்ளர். அதைக் குடித்து முடிக்கும்வரை வேறு எதையும் நினைக்காதே.

6. கடைசி நாளில் பேரத்தில் ஜெயிக்காதே. தெற்கு மாசி வீதிப் பக்கம் ஒரு பெரியவரிடம் சுங்குடிச் சேலை பார்த்தேன். பன்னிரண்டு சேலையை விரிக்க வைத்து, ஒரு மணி நேரம் மல்லுக்கட்டி, ஐம்பது ரூபாய் குறைத்தேன். வீட்டுக்கு வந்து பெருமையடித்தேன். உன் பாட்டி சேலையைத் தடவிப் பார்த்தாள். கையால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் தோய்த்த சேலை அது. சௌராஷ்டிரப் பெண்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, நகக்கண் நோக, ஆயிரக்கணக்கில் போட்ட முடிச்சு. "ஒரு முடிச்சுக்கு எவ்வளவு குறைச்சீங்க?" என்றாள். கணக்குப் போட்டே பிழைத்தவனுக்கு அந்தக் கணக்குக்கு விடை வரவில்லை. நியாய விலை தெரிந்தால் கொடு. அதிகம் என்று பட்டால் கும்பிட்டுவிட்டு எழுந்து வா. ஊரைவிட்டுப் போகும் நாளில் ஒருவர் வாயில் நாம் கசப்பாக இருக்கக் கூடாது.

7. 'அந்தக் காலத்துல' என்று புலம்புகிறவனோடு நடக்காதே, என்னோடும்தான். உன் அப்பா சின்னப் பையனாக இருந்தபோது அவனை நடத்திக் கூட்டிப்போய், இருந்ததைக் காட்டாமல் இல்லாததையே காட்டிக்கொண்டிருந்தேன். இன்னும் அந்தப் புலம்பல் விடவில்லை. 1952இல் 'பராசக்தி'யோடு தொடங்கிய தங்கம் தியேட்டர் ஒன்று இருந்தது. 2,500 பேருக்கு மேல் உட்கார்ந்து படம் பார்க்கலாம். இப்போது அந்த இடத்தில் ஜவுளிக்கடை. புது மண்டபத்தில் தூணுக்குத் தூண் தையல் மிஷின் ஓடும், புத்தகக் கட்டு கிடக்கும். அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. வருத்தம்தான். ஆனால் பல வருஷம் வறண்டு, பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த மாரியம்மன் தெப்பக்குளத்தில் இப்போது தண்ணீர் நிற்கிறதே! திருமலை நாயக்கர் கட்டிய மகாலில்கூட நாம் பார்ப்பது கால் பங்குதான். இழந்து இழந்து வளர்ந்த ஊர் இது. மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில் பகல் அங்காடியையும் இரவு அங்காடியையும் பாடினார். அந்தக் கடைகள் எல்லாம் போயின. நடு ராத்திரியில் இட்லி அவிக்கும் வழக்கம் போகவில்லை. உன் மதுரையை நீ பார். என் மதுரை என்னோடு இருக்கட்டும்.

8. ஒரு மனிதரைப் போய்ப் பார். இதைச் சொல்லும்போது எனக்குக் குரல் கொஞ்சம் இறங்கும். வைகை ஆற்றுக்கு அந்தப் பக்கம், செல்லூரில், என் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா இருந்தார். சின்ன வயசில் எனக்கு ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டக் கற்றுக்கொடுத்த பெரியம்மா. ஒரு வருஷம் கடைசி நாளில் எனக்கு இரண்டு மணி நேரம் மிச்சம் இருந்தது. மகாலில் ஒலி-ஒளிக் காட்சி பார்க்கப் போனேன். பெரியம்மாவை அடுத்த லீவுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அடுத்த லீவில் அந்த வீட்டில் மாலை போட்ட படம்தான் இருந்தது. அவர் மருமகள் சொன்னாள்: "நீங்க ஊருக்கு வந்திருக்கீகன்னு கேள்விப்பட்டு அன்னிக்குப் பணியாரம் ஊத்தி வச்சிருந்தாக." கல்தூண் காத்திருக்கும், கண்ணு, மனுஷர் காத்திருக்க மாட்டார். சொந்தம் யாரும் இல்லையென்றால், மூன்று நாளும் உனக்குக் காபி கொடுத்தவரிடமாவது போய், "இன்னிக்கு ஊருக்குக் கிளம்புறேன்" என்று சொல்லிவிட்டு வா.

9. ஆற்றைப் பார்த்துச் சிரிக்காதே. பொழுது சாயும்போது ஏ.வி. பாலத்தில் நில். 1889இல் திறந்த பாலம் அது. கீழே தண்ணீர் இருந்தால் உன் அதிர்ஷ்டம். பல நாள் மணலும் நாணலும்தான். வாலிபத்தில் நானும் "இதுவா ஆறு?" என்று கேலி செய்தவன். பக்கத்தில் சைக்கிளை நிறுத்தியிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்து, "இது குடிச்சதுபோக மிச்சம் தம்பி" என்றார். அப்போது புரியவில்லை, பிறகு புரிந்தது. வைகைத் தண்ணீர் பெரும்பாலும் கடலைப் போய்ச் சேர்வதில்லை. வழியெல்லாம் வயலுக்கும் கண்மாய்க்கும் கொடுத்துக்கொண்டே போய், ராமநாதபுரத்துப் பெரிய கண்மாயோடு நின்றுவிடும். கடைசிவரை போய்ச் சேர்ந்ததா என்று ஆற்றை யாரும் கேட்பதில்லை. போகிற வழியில் என்ன செய்தது என்றுதான் கேட்பார்கள்.

10. ஒன்றைப் பார்க்காமல் விட்டுவிட்டு வா. வேண்டுமென்றே விடு. வாழ்நாளெல்லாம் பாக்கியில்லாமல் கணக்கை முடிப்பதே கெட்டிக்காரத்தனம் என்றிருந்தவன் நான். பாக்கி தீர்ந்த கடைக்கு மறுபடி ஏறுகிறவன் எத்தனை பேர்? கொஞ்சம் பாக்கி இருந்தால்தான் உறவு ஓடும். என் பாக்கி எது தெரியுமா? பள்ளியறைப் பூசை. ராத்திரி நடை சாத்துமுன் சொக்கநாதரின் பாதுகைகளைப் பல்லக்கில் வைத்து மீனாட்சியின் பள்ளியறைக்குக் கொண்டுபோவார்கள். அது நடக்கிற நேரமும் என் வண்டி புறப்படுகிற நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். நாற்பது வருஷமும் பிளாட்பாரத்தில் நின்றபடி, 'இந்நேரம் பல்லக்கு கிளம்பியிருக்கும்' என்று நினைத்துக்கொள்வதோடு சரி. முதலில் அது ஏமாற்றமாக இருந்தது. வயசாக ஆக, அதுதான் என்னைத் திரும்பத் திரும்ப அழைத்து வருகிறது என்று தெரிந்தது.

அவ்வளவுதான் கண்ணு. வண்டிக்கு அரை மணி முன்னால் நிலையத்துக்கு வந்துவிடு. ஓடி வந்து ஏறினால் நிதானமாகத் திரிந்த ஒரு நாளும் அந்த ஓட்டத்தில் சிந்திப்போகும். பெட்டியை எடுக்க மறக்காதே. பாட்டிக்கு இரண்டு முழம் மல்லி வாங்கி வா, வாழை இலையில் கட்டித் தரச் சொல். காலையில் எழும்பூரில் வந்து நிற்கிறேன். என்னென்ன பார்த்தாய் என்று கேட்க மாட்டேன். எதை விட்டுவிட்டு வந்தாய் என்று மட்டும் சொல்.